கொடிக்கு லைட் போட்டவர்: ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹவ் (விவாத இழை)

#1 பழையரீல்

போன சனிக்கிழமை ராத்திரி தூக்கம் பிடிக்காமல் ‘யாங்கி டூடுல் டாண்டி’யைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 1942ல் வந்த படம். ஜேம்ஸ் காக்னி ஆடிப் பாடுவார், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். கடைசிப் பக்கம் முழுக்கக் கொடி, அணிவகுப்பு, மறுபடியும் கொடி. போரில் இறங்கியிருந்த நாட்டுக்குத் தேசபக்தியைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டிய படம்.

டைட்டிலில் ஒரு பெயர் ஓடியது. ஒளிப்பதிவு: ஜேம்ஸ் வாங் ஹவ்.

இந்தப் பெயரை எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1942ல் அவர் அமெரிக்கக் குடிமகனாக ஆகவே முடியாது. சீனர்களுக்கு எந்த நீதிமன்றமும் குடியுரிமை கொடுக்கக் கூடாது என்று 1882லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இவர் 1899ல் கான்டன் மாகாணத்துத் தாய்ஷானில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா போனவர். பேச்சு, படிப்பு, குத்துச்சண்டை, சினிமா எல்லாம் அங்கேதான். கொடிக்கு அழகாக லைட் போட்டவருக்கு அந்தக் கொடியில் பங்கில்லை.

அதற்கு முன்னால் எடுத்தவற்றைப் பாருங்கள். 1938ல் ‘டாம் சாயர்’. 1940ல் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முந்தைய வாழ்க்கையைச் சொன்ன ‘ஏப் லிங்கன் இன் இல்லினாய்’. அமெரிக்கர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதைகளாகப் பார்த்து இவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

130 படத்துக்கு மேல். 10 முறை ஆஸ்கர் பரிந்துரை, 2 முறை விருது. ஆனால் இவரைப் பற்றி எழுத வருகிறவர்கள் பாகுபாட்டுக் கதையைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கருப்பு வெல்வெட் கதையைச் சொல்வார்கள், அதோடு எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அவருடைய வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆசை. பார்த்தவர்கள் வாருங்கள்.

#2 சும்மாகேட்டேன்

அது என்ன கருப்பு வெல்வெட் கதை? எழுந்து போவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள் சார்.

#3 பழையரீல்

சரி, சொல்லித்தான் ஆக வேண்டும் போல.

1917. லாஸ் ஏஞ்சல்ஸ். குத்துச்சண்டை சரிவரவில்லை. ஒரு போட்டோக்காரரிடம் சில்லறை வேலை, ஓட்டலில் எடுபிடி வேலை என்று சுற்றிவிட்டு லாஸ்கி ஸ்டுடியோ கேமரா அறையில் சேர்கிறார். கேமரா பக்கம் கை போகாது. தரையில் சிதறிக் கிடக்கும் படச்சுருள் துண்டுகளைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் 10 டாலர். ஒருநாள் செட்டில் ஆள் குறைகிறது, ஸ்லேட் பிடிக்க இவரைக் கூப்பிடுகிறார்கள். குள்ளமான சீனப் பையன், வாயில் ஆளைவிடப் பெரிய சுருட்டு, கையில் ஸ்லேட். இயக்குநர் செசில் பி. டெமில் பார்த்துச் சிரித்துவிட்டு, இவனை என் யூனிட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். திறமையைப் பார்த்து எடுக்கவில்லை, வேடிக்கைக்குத்தான் எடுத்தார்.

கூடுதல் காசுக்காக நடிகைகளை ஸ்டில் எடுத்துக் கொடுக்கிறார். மேரி மைல்ஸ் மின்டர் என்று அப்போதைய பெரிய நட்சத்திரம். வெளிர் நீலக் கண். அந்தக் காலத்துப் படச்சுருளில் நீலம் வெள்ளையாக விழும். குளோசப்பில் அந்த அம்மாவுக்குப் பார்வையே இல்லாத மாதிரி இருக்கும். ஹவ் எடுத்த ஸ்டில்லில் மட்டும் கண் கருமையாக விழுந்திருக்கிறது. எப்படி என்று யோசித்தவர், தான் ஒரு கருப்பு வெல்வெட் துணிக்கு எதிரில் அவரை நிறுத்தியிருந்ததைக் கண்டுபிடிக்கிறார். பிறகு வெல்வெட்டில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, கேமராவைச் சுற்றித் திரை மாதிரி கட்டிவிடுகிறார். ‘என் அடுத்த படத்துக்கு நீதான்’ என்று அந்த அம்மா சொல்ல, 1923 வாக்கில் முழு ஒளிப்பதிவாளர். சீனாவிலிருந்து வரவழைத்த ஆளாம், கருப்புத் துணிக்குப் பின்னால் ஒளிந்து படம் எடுப்பானாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

#4 செங்கைசேகர்

நல்ல கதை. நம்பத்தான் முடியவில்லை.

அந்த அம்மாவின் கருவிழி நீல நிறம். பழைய சுருள் நீலத்தை வெள்ளையாகக் காட்டும் என்றால், எதிரில் கருப்புத் துணியைக் கட்டினால் மட்டும் நீலம் எங்கே போகும்? சுவருக்கு எதிரே கருப்புத் திரை தொங்கவிட்டால் சுவரின் பெயின்ட் மாறுமா? ஸ்டுடியோ விளம்பரப் பிரிவு கட்டிவிட்ட கதை போலத்தான் இருக்கிறது. திறமையான ஆள், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு இந்த மந்திரவாதி வேஷம் எதற்கு?

#5 இருட்டறை

சேகர் தம்பிக்கு. நான் கும்பகோணத்தில் 31 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். போட்டோ ஸ்டுடியோ, சினிமா இல்லை. முதல் பாதி உங்களுக்குப் புரிந்திருக்கிறது, இரண்டாம் பாதி பிடிபடவில்லை.

பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் நாங்கள் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு பிரின்ட் கழுவுவோமே, அது எப்படி? அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் இருட்டு மாதிரி. அதேதான். உங்கள் வீட்டுப் பாட்டி கல்யாணப் போட்டோவை எடுத்துப் பாருங்கள், குங்குமப் பொட்டு மை வைத்த மாதிரி கருகருவென்று இருக்கலாம். வெற்றிலை போட்ட வாயும் அப்படித்தான். நீலம் நேர் எதிர். வானம் வெளுத்துப் போகும், நீலக் கரை வெள்ளைக் கரை ஆகிவிடும்.

இப்போது கண். கண் சுவர் இல்லை தம்பி, கண்ணாடி. கருவிழிக்கு முன்னால் ஈரமான ஒரு மூடி இருக்கிறது. ராத்திரி கடைவீதியில் நகைக்கடை ஷோகேஸ் முன்னால் நின்று பாருங்கள். எதிர்க்கடை டியூப்லைட்தான் கண்ணாடியில் தெரியும், உள்ளே நகை தெரியாது. என்ன செய்வீர்கள்? இரண்டு கையையும் குவித்து முகத்தோடு கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்ப்பீர்கள். பளபளப்பு போய்விடும், அட்டிகை தெரியும். அந்த வெல்வெட்தான் உங்கள் கை. கேமராப் பக்கத்து வெள்ளை எல்லாம் கண்ணில் பட்டுத் திரும்பாமல் மறைத்துவிடுகிறது. போதாதற்கு, முன்னால் இருட்டு இருந்தால் கருவிழி நடுவில் உள்ள கண்மணியும் கொஞ்சம் விரியும். நீலம் சுருங்கும்.

மந்திரம் ஒன்றும் இல்லை.

#6 செங்கைசேகர்

அண்ணே, நகைக்கடை உதாரணம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாதி மனசுதான் ஒப்புகிறது. அக்கா பையனிடம் நீலக் கோலிக்குண்டு கேட்டிருக்கிறேன். செய்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

#7 வானதி

வணக்கம். நான் வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஹவ் வளர்ந்த ஊர் அது. கொலம்பியா ஆற்றங்கரை. வெயில் காலத்தில் புழுதி பறக்கும், நம் திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காடு ஞாபகம் வரும். அவர் அப்பா வாங் ஹவ் நார்தர்ன் பசிபிக் ரயில்வேயில் வேலைக்கு வந்து, பிறகு பாஸ்கோவில் மளிகைக் கடை வைத்தார். அந்த 1882 சட்டம், சீனர் விலக்குச் சட்டம் என்பார்கள், கூலித் தொழிலாளிகள் வருவதைத்தான் தடுத்தது, வியாபாரிகளின் குடும்பத்துக்கு வழி விட்டது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். அதனால் அப்பாவின் ‘ஹவ்’ இங்கே இவருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

சின்ன வயதில் ஒரு பிரவுனி பெட்டி கேமரா வாங்கியிருக்கிறார். பார்த்து எடுக்க அதில் ஜன்னலே கிடையாது. வீட்டு ஆட்களை எடுத்த போட்டோவில் பாதிப் பேருக்குத் தலை இல்லை.

மௌனப் படங்களில் அவர் பெயர் ‘ஜேம்ஸ் ஹவ்’ என்றுதான் வரும். ‘வாங்’ பின்னால் சேர்ந்தது, 1930களில். கீழ்த்திசை வாசனை வீசட்டும் என்று ஸ்டுடியோ நினைத்தது. பெயரில் சீனன் வேண்டும், குடிமகனாகச் சீனன் வேண்டாம்.

பழையரீல் சார், ‘பாகுபாட்டுக் கதையை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பேசுவோம்’ என்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்தாளர் சனோரா பாபை 1937ல் பாரிஸில் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மா வெள்ளைக்காரர். திரும்பி வந்தால் கலிபோர்னியாவில் அந்தக் கல்யாணம் செல்லாது, இனம் மாறி மணக்கத் தடை. ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் ஒழுக்க விதி வேறு. ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் வேலை போகும். அதனால் ஒரே கட்டடத்தில் இரண்டு தனி வீடு. புருஷன் பெண்டாட்டி! 1948 அக்டோபரில் பெரஸ் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 1949ல் மறுபடி ஒருமுறை சட்டப்படி கல்யாணம். அப்போதும் செய்துவைக்க இசைகிற நீதிபதியைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்றாம்.

அதாவது ‘யாங்கி டூடுல் டாண்டி’ எடுத்துவிட்டுச் சாயங்காலம் அவர் போனது தன் பெயருக்கு இருந்த தனி வீட்டுக்கு. இதையும் வெளிச்சத்தையும் எப்படிப் பிரிப்பது?

#8 சும்மாகேட்டேன்

அக்கா, சீனர்களுக்குக் குடியுரிமை இல்லை என்ற அந்த 1882 சட்டம் எப்போது போனது?

#9 வானதி

1943 டிசம்பரில். சீனா போரில் கூட்டாளி நாடு ஆகிவிட்டதால் சங்கடம். அப்போதும் கதவை அகலத் திறக்கவில்லை, வருடத்துக்கு 105 பேர் வரலாம் என்று ஒதுக்கீடு. இங்கே இருந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

போர்க்காலத்தில் இன்னொரு தொல்லை, ஜப்பான்காரர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ‘நான் சீனன்’ என்று எழுதிய பித்தானைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார். சேர்ந்து வேலை பார்த்த காக்னியும் அதே பித்தானைக் குத்திக்கொண்டாராம். அந்தச் சிவந்த முகத்து ஐரிஷ் வம்சத்து ஆள் ‘நான் சீனன்’ என்று!

#10 பழையரீல்

வானதி, நீங்கள் சொன்ன தனி வீட்டு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிரிக்க முடியாது, சரி. ஆனால் என் பயம் வேறு. இந்தக் கதை எவ்வளவு வலுவானது என்றால், படத்தைப் பார்க்கவே விடாது. ‘பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டார்’ என்று முடித்துவிடுவோம். கஷ்டப்பட்ட எல்லோரும் ‘ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்’ எடுத்துவிடவில்லையே.

பட்டப் பெயரே ‘லோ கீ ஹவ்’. யூனிட்டில் வேலை செய்கிறவர்கள் யாராவது விளக்குங்களேன்.

#11 லைட்மேன்மகன்

அப்பா 26 வருஷம் யூனியன் லைட்மேன், நான் இப்போது கேமரா அசிஸ்டென்ட். அதனால் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன்.

லோ கீ என்றால் ‘இருட்டாக எடுப்பது’ இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி எடுத்த எல்லாவற்றையும் லோ கீ என்பார்கள். ஃப்ரேமில் பெரும்பகுதி நிழலில் இருக்கும், வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழும். ஹவ் விடாமல் பிடித்துக்கொண்ட விதி ஒன்று: இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கதைக்குள்ளேயே பதில் வேண்டும். ஜன்னல், மேஜை விளக்கு, தெருக்கம்பம், ஏதோ ஒன்று. அந்தக் கால ஹாலிவுட்டில் கதாநாயகி எங்கே போனாலும் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் கூடவே போகும். குகைக்குள் போனாலும் போகும்! இவர் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

‘ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்’ 1957. நியூயார்க் ராத்திரி. பர்ட் லங்காஸ்டர் ஊரையே ஆட்டிவைக்கும் பத்திரிகைக்காரர், கனத்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். சாதாரணமாகக் கண்ணாடி போட்ட நடிகர் என்றால் நாங்கள் படாத பாடு படுவோம், லைட் கண்ணாடியில் அடிக்கும், கண்ணாடி நிழல் கன்னத்தில் விழும். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைப்போம். ஹவ் நேர்மாறாகச் செய்தார். லைட்டை நெற்றிக்கு மேலே வைத்து, அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் நிழலை வேண்டுமென்றே முகத்தில் விழவிட்டார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதன் மண்டையோடு மாதிரித் தெரிவான். நடிகர் புருவத்தைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

செட் சுவரில் எண்ணெய் பூசினார்கள். சுவர் மினுமினுக்கும், நிழலிலும் ஒரு பளபளப்பு. கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல இருக்கும். அந்த ஊரே அப்படித்தான் என்று கதை சொல்லும், அதையே சுவரும் சொல்லும்.

அதற்கு ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூட இல்லை. படமும் அப்போது ஓடவில்லை.

#12 செங்கைசேகர்

இது புரிகிறது. தொழில் பேசினால் நம்பலாம். ‘பாடி அண்ட் சோல்’ பற்றியும் சொல்லுங்கள் ப்ரோ, ஸ்கேட்டிங் விஷயம் உண்மையா?

#13 லைட்மேன்மகன்

உண்மை. 1947. ஜான் கார்ஃபீல்ட் குத்துச்சண்டைக்காரர். வழக்கமாக வளையத்துக்கு வெளியே கேமராவை ஊன்றி, கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து எடுப்பார்கள். ஹவ் கையடக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, காலில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு வளையத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். பின்னால் ஓர் ஆள் இவரைத் தள்ளிக்கொண்டு போனார். அப்போது வயது 47. அடி வாங்குகிறவன் பார்வையில் உலகம் எப்படி ஆடும் என்று அவருக்குத் தெரியும், இளவயதில் வாங்கியவர்தானே.

அந்தப் படத்தை இப்போது பார்த்தால் ‘இதில் என்ன பெரிய விஷயம்’ என்று தோன்றும். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த எல்லாச் சண்டைப் படமும் வளையத்துக்குள்தான் எடுக்கிறார்கள்.

அப்புறம் 1966ல் ‘செகண்ட்ஸ்’. அதற்குள் 67 வயது ஆகப்போகிற மனிதர். நடிகர் உடம்பிலேயே கேமராவைக் கட்டி, முகம் அப்படியே நிற்க, பின்னால் உலகம் மட்டும் ஆடும்படி எடுத்தார். மீன்கண் லென்ஸ். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சூட்கேஸுக்குள் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய்க் கூட்டத்துக்குள் எடுத்தார்கள். எங்கள் டைரக்டர் ஒருவர் இதே ஷாட்டைப் போன வருஷம் செய்துவிட்டு ‘இந்தியாவிலேயே முதல்முறை’ என்று பேட்டி கொடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த படத்துக்கு நான் வேலைக்குப் போக வேண்டும்.

#14 சும்மாகேட்டேன்

‘சிட்டிசன் கேன்’ மாதிரி முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து ஃபோகஸில் இருக்குமே, அதை இவர்தான் முதலில் செய்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்?

#15 பழையரீல்

‘முதல்’ என்ற வார்த்தையைக் கண்டால் எனக்கு அலர்ஜி. அந்தத் திசையில் வேறு பலரும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் 1931ல் ‘டிரான்ஸ்அட்லான்டிக்’ என்று கப்பலில் நடக்கும் படம். அகலக் கோண லென்ஸ், கூரை போட்ட செட், கப்பல் நடைபாதையின் இந்த முனையும் அந்த முனையும் தெளிவாகத் தெரியும். ‘சிட்டிசன் கேன்’ வந்தது 1941. பத்து வருஷ இடைவெளி.

எனக்கு அதைவிடச் சுவாரசியம், அந்தப் படத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது. 1920களின் கடைசியில் சொந்தமாக ஒரு படம் இயக்கும் ஆசையில் சீனா போனார், காட்சிகள் எடுத்தார். படம் முடியவில்லை, அந்தக் காட்சிகளில் சில பின்னால் ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்து பார்த்தால் ஹாலிவுட் முழுக்கப் பேசும் படம். ‘உனக்கு ஒலிப்படம் எடுத்த அனுபவம் இல்லையே’ என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பெரிய நட்சத்திரங்களை எடுத்தவர் கொஞ்ச காலம் வேலை இல்லாமல் அலைந்தார். அனுபவம் வேண்டுமே என்று கைக்காசு போட்டு ஜப்பானிய மொழியில் ஒரு பேசும் படத்தை எடுத்தார்.

#16 செங்கைசேகர்

இதில் பாகுபாடு எங்கே வருகிறது? ஊரில் இல்லாத சமயம் தொழில்நுட்பம் மாறிவிட்டது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#17 வானதி

சேகர், இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. நானும் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஆனால் 1950 பக்கத்தில் வந்த நெருக்கடி வேறு ரகம். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். சனோரா பாப் கட்சியில் இருந்தவர். தன்னால் கணவர் வேலை போய்விடக் கூடாது என்று மெக்சிகோ சிட்டிக்குப் போய்த் தங்கினார். யோசித்துப் பாருங்கள். பாரிஸில் மணந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தக் கல்யாணம் சொந்த ஊரில் செல்லுபடியானது. கொஞ்ச நாளில் மறுபடி பிரிவு.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்த அம்மாவுக்கும் ஒரு தனி இழை போடலாம். 1930களில் புழுதிப் புயலில் நிலம் இழந்து கலிபோர்னியா வந்த விவசாயிகளின் முகாம்களில் வேலை செய்து, அவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார். அதற்குள் 1939ல் ஸ்டெய்ன்பெக் அதே விஷயத்தை எழுதிப் பெரிய வெற்றி. இரண்டாவது புத்தகத்துக்கு இடமில்லை என்று இவருடையதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அச்சில் வந்தது 2004ல். அப்போது அவருக்கு வயது 97.

#18 இருட்டறை

ஒரு முகத்துக்கு வெளிச்சம் வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஹவ் இருந்த ஊரில் சீனாக்காரர் அமெரிக்க முகத்துக்கு லைட் போட்டார். அதே காலத்தில் நம் ஊரில் ஒரு அமெரிக்கர் நம் முகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லிஸ் ஆர். டங்கன். 1935ல் வந்தவர், தமிழ் தெரியாது. தமிழ்ப் படம் எடுத்தார்.

‘மீரா’ எடுக்கும்போது எம்.எஸ். அம்மாவின் முகத்தை எப்படியெல்லாம் ஒளியூட்டலாம் என்று பார்க்க, பிளாஸ்டரில் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று செய்யவைத்தார். அதை வைத்துக்கொண்டு கேமராமேன் ஜிதன் பானர்ஜியும் அவரும் லைட்டை இங்கே நகர்த்து, அங்கே நகர்த்து என்று சோதித்தார்கள். நட்சத்திரத்தை மணிக்கணக்கில் விளக்கடியில் உட்காரவைக்க வேண்டியதில்லை. 1945ல் வந்த படம். இன்றைக்கும் அந்தக் குளோசப் கண்ணை விட்டுப் போகாது.

எங்கள் ஸ்டுடியோவில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பூசணிக்காயை ஸ்டூல் மேல் வைத்துத்தான் பழக்கினார். மூக்கு இல்லாததால் மூக்கு நிழல் மட்டும் படிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் பூசணிக்காயில் படித்தேன்.

#19 லைட்மேன்மகன்

ஐயா, பூசணிக்காய் மேட்டர் அட்டகாசம். ஹவ் கடைசிக் காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தபோது செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். மூன்று சுவர் வைத்த ஒரே செட். அதையே ஒருமுறை மலிவான லாட்ஜ் அறை, இன்னொரு முறை வேறு மாதிரி அறை என்று லைட்டை மட்டும் மாற்றிக் காட்டுவார். அங்கே மாணவராக உட்கார்ந்திருந்தவர் டீன் கண்டி. பின்னால் ‘ஜுராசிக் பார்க்’ எடுத்தவர்.

#20 பழையரீல்

‘ஹட்’ பற்றி யாரும் பேசவில்லையே. 1963, இரண்டாவது ஆஸ்கர். முதலாவது ‘தி ரோஸ் டாட்டூ’ 1955, இரண்டுமே கருப்பு வெள்ளை.

டெக்சாஸ் மாட்டுப் பண்ணை. பால் நியூமன். அகலத்திரை. இந்த மாதிரிப் படத்தில் எந்த ஒளிப்பதிவாளரும் மேகத்தைத் தேடுவார், பஞ்சுப் பொதி மாதிரி மேகம் இருந்தால் ஃப்ரேம் தானாக அழகாகும். ‘ஹட்’டில் வானம் வெறுமை. வெளுத்துப்போன தகரம் மாதிரி மேலே கிடக்கும். கீழே ஒரு கோடு தரை, ஒரு மனிதன், ஒரு வண்டி. மந்தைக்கு நோய் வந்து மாடுகளை எல்லாம் குழியில் இறக்கிச் சுடும் காட்சியில் கண்ணுக்கு ஒதுங்க ஒரு நிழல்கூடக் கிடையாது. லோ கீ என்று பட்டம் வாங்கியவர், நிழலே இல்லாத படத்துக்கு ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் கவனித்தேன். ‘டாம் சாயர்’, லிங்கன், காக்னி கொடி என்று அமெரிக்கா தன்னை மெச்சிக்கொண்ட படங்களில் தொடங்கியவர், ‘ஹட்’டுக்கு வரும்போது அதே நாட்டின் நிலத்தை இப்படி உரித்துக் காட்டுகிறார். இயக்குநர் மார்ட்டின் ரிட்டின் கதை அப்படி, உண்மைதான். ஆனால் வானம் ஹவ்வுடையது.

#21 வானதி

அப்படியானால் பிரிக்க முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார். 😀

#22 பழையரீல்

மாட்டிக்கொண்டேன்.

#23 சும்மாகேட்டேன்

கடைசிப் படம் எது?

#24 லைட்மேன்மகன்

‘ஃபன்னி லேடி’, 1975. பார்பரா ஸ்ட்ரைசாண்ட். அதில் ஒரு வேடிக்கை. முதலில் ஒளிப்பதிவுக்கு வந்தவர் வில்மோஸ் சிக்மண்ட், ஹங்கேரிக்காரர். 1956ல் புடாபெஸ்ட் எழுச்சியை நண்பர் லாஸ்லோ கோவாக்ஸுடன் படம் எடுத்து, சுருளை எல்லை கடத்தி ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவந்தவர். இந்தப் படம் அவருக்கு ஒத்துவரவில்லை, ஆரம்பத்திலேயே விலக வேண்டியதாயிற்று. ஓய்வில் இருந்த ஹவ்வைக் கூப்பிட்டார்கள். நடுவில் அவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தேறி வரும்வரை பார்த்துக்கொண்டவர் எர்னஸ்ட் லாஸ்லோ, அவரும் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். மூன்று வெளிநாட்டுக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி எடுத்த பிராட்வே படம். ஹவ்வுக்குப் பத்தாவது பரிந்துரை அதில்தான். 1976 ஜூலையில் போய்விட்டார்.

#25 வானதி

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஹவ் ஒரு சீன உணவகமும் நடத்தினார். ஒருநாள் கடையைப் படம் எடுக்க ஒரு போட்டோக்காரர் வந்து, முழுக்கட்டடமும் ஃப்ரேமுக்குள் வராமல் நடுத்தெரு வரை பின்னால் போய்க்கொண்டே இருந்தாராம். வண்டி மோதிவிடுமே என்று ஹவ் போய், அகலக் கோண லென்ஸ் போட்டால் சுலபமாக வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். ‘படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் நூடுல்ஸைப் பார்’ என்றாராம் அந்த ஆள்.

#26 இருட்டறை

அகலக் கோண லென்ஸைப் பற்றி அவரிடமேவா!

#27 செங்கைசேகர்

கோலிக்குண்டு ரிப்போர்ட். மொட்டைமாடி அறை, பகல் 11 மணி, ஜன்னல் வெளிச்சம். போனில் எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, நீல ஃபில்டர் போட்டேன். அம்மாவின் பழைய வெல்வெட் ரவிக்கையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரவிக்கை இல்லாமல்: கோலி பாலில் போட்ட மாதிரி வெள்ளை, நடுவில் என் சட்டையும் கையும் தெரிகிறது. ரவிக்கையோடு: சட்டை போய்விட்டது. ஆனால் கருப்பாக ஆகவில்லை அண்ணே. நீலம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது.

#28 இருட்டறை

முன்னைவிடக் கொஞ்சமாவது இறங்கியதா, இல்லையா?

#29 செங்கைசேகர்

கொஞ்சம் இறங்கியது.

#30 இருட்டறை

கோலிக்கு விரிய நடுவில் கண்மணி இல்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சுவர் வெள்ளையா? அந்தப் பக்கமும் ஒரு கருப்புப் போர்வையைத் தொங்கவிட்டு எடுங்கள். ரவிக்கைக்கு அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

#31 செங்கைசேகர்

போர்வை இருக்கிறது. நாளைக்கு எடுத்துவிட்டுப் போடுகிறேன். அக்கா பையன் கோலியைத் திருப்பிக் கேட்கிறான்.